நுரைக்காத கல்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஓய்வுபெற்ற நிலவியல் அதிகாரி அருணாச்சலம், கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் வராத முக்கால் மணி நேரத்தில் சொன்னது. நான் செய்தது தொடக்கத்தைக் கெடுத்தது மட்டும்:

"பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழ்கடலின் இருளில்..."

வேண்டாம். அவ்வளவு காலம் நீங்கள் காத்திருக்கமாட்டீர்கள். 1973 என்று வைத்துக்கொள்வோம்.

2

கோவிந்தம்மாவின் நெல்வயலில் கிணறு வெட்டியபோது சாம்பல் நிறக் கல் வந்தது. சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் சிமெண்ட் ஆலைக்காரர்கள் வயலை எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு அந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை. அவள் கணவன் துளசிராமனுக்கோ வயலைக் கொடுத்தால் ஆலை வாசலில் கிடைக்கும், விசில் ஊதும் வாட்ச்மேன் வேலைமேல் ஆசை. (அவனை வில்லனாக்கப் பார்த்தேன். காக்கி அரைக்கால்சட்டையில் அவனை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.)

பார்க்க வந்த அருணாச்சலம் கல்லின்மேல் ஆசிட் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது.

"சுண்ணாம்புதான் சார்!" என்றான் துளசிராமன், அவருக்கு முந்திக்கொண்டு.

கோவிந்தம்மாவின் கண் அவன் விரல் நகங்களில் போய் நின்றது. வெள்ளை.* கல்லைத் தூக்கிப்போய், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்போ ஊத்து சார்."

நுரை இல்லை.

* பழவேற்காட்டுக் கிளிஞ்சல் பொடி. அது சுண்ணாம்பு ஓடு, ஆசிட்டில் நுரைக்கும்.

3

"இது வேற கல்லும்மா. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிருங்க. ஓடு கண்ணாடி மாதிரி, சிலிக்கா. செத்து அடியில விழுந்து, படிஞ்சு, இறுகிக் கல்லாயிடும். சிமெண்டுக்கு ஆகாது."

"எத்தினி வருசம் சார்?"

"பத்துக் கோடி இருக்கும்."

"அத்தினி வருசமா ஒரு வேலையும் செய்யாத படுத்துக்கினு கெடந்துதா? எங்க ஊட்டுக்காரரு தேவல."

[இங்கே பாறையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது. அவள் பேசியபிறகு அது எதற்கு?]

அருணாச்சலம் சிரிக்கவில்லை. "பொடி தடவினது யாரு? அரசாங்க வேலை இது. பேரை எழுதி மேல அனுப்புவேன்."

துளசிராமன் கிணற்றை எட்டிப் பார்ப்பவன்போலத் திரும்பிக்கொண்டான். பிடரி வேர்த்திருந்தது. கோவிந்தம்மா அந்தப் பிடரியையே பார்த்தாள். அவள் உள்ளத்தில் கோபமும் அன்பும் ஒருசேர...

[மூன்று நாள் இந்த வாக்கியத்தில் நின்றேன். அவள் நிற்கவில்லை.]

"கோயி சார்" என்றாள். "கல்லு மேல ஏறி எச்சம் போட்டுச்சி."

கோழி எச்சத்துக்கும் கிளிஞ்சலுக்கும் வித்தியாசம் தெரியாதவரல்ல அருணாச்சலம். இருந்தும் அறிக்கையில் கோழியைத்தான் எழுதினார்.

4

முதல் வரைவின் முடிவில் துளசிராமன் அழுதான். இரண்டாவதில் சூளூர்ப்பேட்டைக்கு பஸ் ஏறினான். இரண்டும் என் கைச்சரக்கு. அருணாச்சலம் பார்த்தது இவ்வளவே: ஜீப் கிளம்பும்போது அவன் அவளருகே போய், "ஏன்மே என்னைக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் டிரைவர் கியரைப் போட்டுவிட்டார்.

அவள் சொன்னது அருணாச்சலத்துக்குக் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. கல்யாணமானவர்கள் யாராவது எழுதி முடியுங்கள்.