வாடகைக்கு இருபத்துநாலு குழந்தைகள்

ஒரு குழந்தையின் விலை அரை நாள் கூலி. பதற வேண்டாம், விற்பனை இல்லை, வாடகைதான். காலை ஒன்பது மணிக்குக் கொடுத்தால் சாயங்காலம் நாலு மணிக்கு அதே குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சேதாரம் இருக்காது என்பது வாய்வார்த்தை.

அந்தச் சட்டைக் கம்பெனியில் வருஷத்துக்கு இரண்டு முறை இந்த வியாபாரம் நடக்கும். வெளியூர் கம்பெனி சட்டை வாங்குகிறதென்றால், தைக்கிறவர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு ஆள் அனுப்பும். அதற்குப் பெயர் ஆடிட். தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தாய்மார் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அறை இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். அறை இருந்தது. கதவில் மஞ்சள் வாத்து வரைந்து, 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதியும் இருந்தது. மற்ற நாட்களில் அதற்குள் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள் இருக்கும். சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் இருக்கும்.

"காப்பகப் பதிவேட்டுல இருபத்துநாலு பேர் இருக்கு. எனக்கு இருபத்துநாலு தலை வேணும்," என்றார் சூப்பர்வைசர், ஆடிட்டுக்கு முதல் நாள் மாலை. நிமிஷக் கணக்கு பார்த்தே முடி நரைத்தவர். வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கிற லைனில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர்.

"முழு நாள் கூலி குடுங்க சார். போன தடவை என் பொண்ணு ஆடிட் அம்மாவைப் பாத்துச் சிரிச்சா. சிரிப்புக்குத் தனியா காசு வரல," என்றாள் காலர் தைக்கிறவள்.

"சிரிக்கிறது அது இஷ்டம். நானா சிரிக்கச் சொன்னேன்?"

"அப்ப நாளைக்கு அழச் சொல்லிக் கூட்டிட்டு வரேன்."

லைன் முழுக்கச் சிரித்தது. கடிகாரமும் சிரித்தார். ஆனாலும் அரை நாள் கூலிக்கு மேல் ஒரு காசு ஏறவில்லை. அவர் கையில் இருந்ததே அவ்வளவுதான். மேனேஜர் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய தொகையில் பாதி பொம்மை வாடகைக்குப் போய்விட்டிருந்தது.

அந்த லைனில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. எதைத் தைக்கிறாளோ அதுதான் பெயர். பாக்கெட், கை, பட்டன். இவள் காலர். அடுத்த கம்பெனிக்குப் போய்க் கை தைத்தால் கை ஆகிவிடுவாள்.

அவள் வேலைக்கு வந்த கதையில் ஒரு கேலி இருக்கிறது. அவள் கணவன் தையல்காரன். சொந்தக் கடை, இரண்டு மெஷின், வாசலில் அளவெடுக்க நிற்கும் கூட்டம். பிறகு தைத்துத் தயாரான சட்டை துணிக்கடைகளுக்கு வந்தது, அவன் கூலியைவிடக் குறைந்த விலையில். மூன்று வருஷத்தில் கடையில் கிழிசல் தைப்பது மட்டும் மிஞ்சியது. நாலாம் வருஷம் அதுவும் இல்லை, ஏனென்றால் கிழிந்தால் புதிது வாங்குவது மலிவாகிவிட்டது. இப்போது அவன் வாடகை வேன் ஓட்டுகிறான். அவன் கடையை மூடவைத்த சட்டைகளுக்கு அவள் காலர் தைக்கிறாள். அவற்றைப் பெட்டி பெட்டியாக அவனே ஏற்றிப் போகிறான். குடும்பமே ஒரே சட்டைக்குள் மாட்டிக்கொண்டது.

குழந்தைக்கு ஒன்றரை வயது. தெருவில் எல்லாப் பெண்களும் ஏதாவது ஒரு லைனில் இருந்தார்கள். ஒரு பெண் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டில் விட்டுப் போகலாம். எல்லோரும் போனால் பக்கத்து வீடும் பூட்டித்தான் இருக்கும். மிஞ்சியவள் காஜாக்கா ஒருத்தி. அதே கம்பெனியில் பதினாறு வருஷம் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுத்துக் கண் மங்கி, கண் மங்கியதால் நிறுத்தப்பட்டவள். தன் ஒற்றை அறையில் பதினோரு குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்தாள். வாரக் கூலி குறைவு. அதற்கு மேல் கேட்டால் கொடுக்க யாரிடமும் இல்லை.

சாயங்காலம் அழைக்கப் போனால் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு சொக்கிப்போய் இருக்கும். வாயில் இனிப்பான மருந்து வாடை அடிக்கும். காலர் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"என்னக்கா, எப்பப் பாத்தாலும் தூங்குறா?"

"லேசா சளி மருந்து. ஒரு அரை மூடி. பதினோரு பிள்ள, ரெண்டு கை. நீயே கணக்குப் போட்டுப் பாரு," என்றாள் காஜாக்கா.

காலர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த விலைக்கு வேறு ஆள் இல்லை. அப்புறம் கேட்கவில்லை. வாய் திறக்காமலும் பேரம் படியும்.

ஆடிட் அன்று காலையில் அட்டைப்பெட்டிகள் பின்பக்கச் சந்துக்குப் போயின. தரையில் பச்சை விரிப்பு. பொம்மைகள் பிளாஸ்டிக் உறையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. உறையைப் பிரித்தால் கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான். காஜாக்காவையே ஒரு நாள் ஆயாவாகக் கூட்டி வந்து, சலவை செய்த நீலக் கோட்டை மாட்டிவிட்டார்கள். துரத்திய கம்பெனிக்குள் இரண்டு வருஷம் கழித்து மரியாதையாக நுழைந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பாருங்கக்கா," என்று கடிகாரம் அவள் காதருகில் சொன்னார், "அந்தம்மா உள்ள வரும்போது ஒரு பிள்ள அழக் கூடாது. ஒண்ணு அழுதா இருபத்துநாலும் அழும். அப்புறம் உங்களுக்கும் கூலி இல்ல, எனக்கும் வேலை இல்ல."

அவள் தலையாட்டினாள். வழக்கமாகப் பதினொன்று, இன்று இருபத்துநாலு. கை மட்டும் அதே இரண்டு.

பதினொரு மணிக்கு ஆடிட் அம்மா காப்பகத்தைப் பார்த்துவிட்டு லைனுக்கு வந்தாள். முகத்தில் நிறைவு. "எல்லாக் குழந்தையும் எவ்வளவு அழகா தூங்குது! எங்க வீட்டுல ஒண்ணைத் தூங்கவைக்க ரெண்டு மணி நேரம் ஆகுது," என்று மேனேஜரிடம் சொன்னது காலரின் காதில் விழுந்தது.

அவள் கை நின்றது. மகள் பதினொரு மணிக்குத் தூங்குகிறவள் இல்லை. புது அறை, புது முகங்கள், பொம்மைகள். அதிலும் எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில்.

ஆடிட் அம்மா அவள் மெஷின் பக்கம்தான் வந்தாள். "உங்க குழந்தையும் அங்கதான் இருக்கா?"

"ஆமாங்க."

"தினமும் இங்கதான் விடுறீங்களா?"

முன்னும் பின்னும் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'இல்லை' என்று சொன்னால் ஆர்டர் கைவிட்டுப் போகும். ஆர்டர் போனால் அறுநூறு பேர், வேன் வாடகை, வீட்டு வாடகை எல்லாம் போகும். நாளை முதல் அந்த அறுநூறு பேரும் அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"தினமும்தாங்க," என்றாள்.

மெஷின்கள் மறுபடி ஓடின. சாப்பாட்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். அதற்குமுன் எழுந்தால் மேனேஜர் பார்ப்பார், ஆடிட் அம்மா கேட்பாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் நூற்றிருபது காலர் தைத்தாள். ஒன்றில்கூடத் தையல் பிசகவில்லை.

மணி அடித்ததும் ஓடினாள். பச்சை விரிப்பில் மகள் மல்லாந்து கிடந்தாள். தூக்கினால் தலை பின்னால் சாய்ந்தது. முகத்தில் தண்ணீர் அடித்தாள். காலைக் கிள்ளினாள். இமை துடித்ததே தவிரக் கண் திறக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"எத்தனை மூடிக்கா?"

காஜாக்காவின் வாய் கோணியது. "எப்பவும் குடுக்குற மாதிரிதான்... அப்புறம் சிணுங்குச்சு, இன்னொண்ணு... யாருக்குக் குடுத்தேன், யாருக்குக் குடுக்கலன்னு குழம்பிப்போச்சும்மா. கண்ணு தெரியலயே எனக்கு."

கடிகாரம் வந்து நின்றார். குழந்தையைப் பார்த்ததும் அவர் முகமும் வெளுத்தது. "ஆஸ்பத்திரிக்குப் போம்மா. ஆனா அந்தக் கார் போகட்டும். வாசல்லயே நிக்குது. பத்தே நிமிஷம்."

"பின்கேட்டு?"

"சந்து பூரா பெட்டிம்மா. நாம அடுக்குனதுதான்."

காலர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கே நடந்தாள். அங்கே ஆடிட் அம்மா காரில் ஏறிக்கொண்டிருந்தாள். "இன்னும் தூங்குதா? சமத்து!" என்று குழந்தையின் முதுகைத் தட்டினாள். மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார். காலர் சிரித்தாள். கேட்டைத் தாண்டிப் பத்தடி வரைக்கும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் ஓட ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தை கண் திறக்கச் சாயங்காலம் ஆனது. மற்ற குழந்தைகள் தாமாக எழுந்துவிட்டன என்று பட்டன் வந்து சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "சளியே இல்லாத குழந்தைக்கு எதுக்கும்மா சளி மருந்து? இன்னும் ஒரு மூடி போயிருந்தா மூச்சு நின்னிருக்கும்."

காலர் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். தூங்கவைக்க என்று சொன்னால் யாருக்காகத் தூங்கவைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

வாசல் படியில் காஜாக்கா நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வேனை அப்படியே நிறுத்திவிட்டு வந்த கணவன் அவளைப் பார்த்ததும் கையை ஓங்கினான்.

"அடிங்க," என்றாள் அவள். "நான் அடி வாங்க வேண்டியவதான். ஆனா நாளைக்கு அந்தப் பதினோரு பிள்ளைகளையும் யாரு பாத்துக்குவான்னு சொல்லிட்டு அடிங்க."

ஓங்கிய கை காற்றிலேயே நின்றது. "என்னங்க, விடுங்க," என்றாள் காலர். "அவங்க மருந்து குடுத்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நானும் விட்டேன்."

மறுநாள் காலை அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கம்பெனிக்கு வந்தாள். கடிகாரம் வாடகைப் பணத்தை நீட்டினார். குழந்தை பாதி நாள்தான் இருந்தது, அதனால் கால் நாள் கூலி. அவள் வாங்கிக்கொண்டாள். மருந்துச் செலவு அதைப்போல நாலு மடங்கு இருந்தது.

பிறகு லைனுக்குப் போகாமல் வாத்துக் கதவுக்குப் போனாள். பெட்டிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் துண்டை விரித்துக் குழந்தையை உட்காரவைத்தாள்.

"இது என்னம்மா புதுசா? காப்பகம் மூடியாச்சு," என்றார் பின்னாலேயே வந்த கடிகாரம்.

"பதிவேட்டுல திறந்துதானே சார் இருக்கு?"

"ஆடிட் முடிஞ்சுபோச்சும்மா."

"நேத்து அந்தம்மாகிட்ட 'தினமும்'னு சொன்னேன். என் வார்த்தையை வித்து நீங்க ஆர்டர் வாங்கியாச்சு. எனக்குச் சரக்கு வரல. இன்னிக்கும் 'தினமும்'ல ஒரு நாள்தான் சார்."

கடிகாரம் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜர் வந்தா உன்னை நிறுத்திருவாரு."

"நிறுத்தட்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுல தேதியும் நேரமும் இருக்கு. அந்தம்மா இவ முதுகைத் தட்டுன நேரமும் அதுதான்."

அப்போது பட்டன் தன் பையனோடு வந்தாள். பின்னாலேயே கை, பாக்கெட். முந்தின இரவே வீடு வீடாகப் பேசி இருபத்துநாலு பேரும் வருவதாகத்தான் ஏற்பாடு. கேட்டுக்கு வந்த பிறகு சிலருக்கு வீட்டு வாடகை ஞாபகம் வந்தது, சிலருக்கு மாமியார் ஞாபகம் வந்தது. அவளோடு சேர்த்து ஒன்பது பேர்தான் தேறினார்கள்.

மேனேஜர் வந்தார், கத்தினார், சீட்டைப் படித்தார், கத்துவதை நிறுத்தினார். ஆடிட் அறிக்கை கையெழுத்தாக இன்னும் பதினைந்து நாள் இருந்தது. பேரம் மதியம்வரை நடந்தது. பாதி அறையைக் கொடுப்பார். மறுபாதியில் பெட்டி இருக்கும். ஆயாவாகக் காஜாக்கா, பாதிச் சம்பளம். இரண்டாவது ஆள் முடியவே முடியாது. வேண்டுமானால் தாய்மார் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், அந்த நேரத்துக் கூலியைப் பிடித்துக்கொள்வார். பேரத்தைத் தொடங்கியவளுக்கு ஒரு தண்டனையும் உண்டு. காலர் இனி காலர் இல்லை. நூல் வெட்டும் மேசைக்கு மாற்றம், கூலி குறைவு.

சம்மதித்தார்கள். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால் அங்கேயும் ஒரு கதவில் வாத்து வரைந்திருக்கும்.

கடிகாரம் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "எதுக்கும்மா இவ்வளவு? ஊருக்கு வேலை வந்திருக்கு, நாலு காசு வந்திருக்கு. அதுல இப்படிச் சில்லறைக் கஷ்டம் வரத்தான் செய்யும்."

"வேலை வந்தது நல்லதுதான் சார்," என்றாள் அவள். "ஆனா தாயை வேலைக்குக் கூப்பிடறவன் பிள்ளைக்கும் இடம் குடுக்கணும். குடுக்காம கூப்பிட்டா நாங்க பிள்ளையை அடமானம் வச்சுத்தான் கூலி வாங்குறோம். நேத்து என் அடமானம் மூழ்கப் பாத்துச்சு. இத்தனை நாள் கேக்காம இருந்த தப்பு என்னோடது. இனிமே கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

அன்றே ஆயாவாக வந்து சேர்ந்த காஜாக்கா, முந்தானையில் முடிந்திருந்த மருந்து பாட்டிலை அவிழ்த்துக் கழிவுத்தொட்டியில் கவிழ்த்தாள். உடனே இரண்டு குழந்தைகள் அழுதன, மூன்றாவதும் சேர்ந்துகொண்டது. பட்டன் தன் முறைக்கு ஓடி வந்தாள்.

சாயங்காலம் கடிகாரம் பதிவேட்டை எடுத்து வந்து, காலராக இருந்தவளிடம் பேனாவைக் கொடுத்தார். சாவி இருக்கிறவள்தான் எழுத வேண்டும். அவள் எழுதினாள்:

பதிவேட்டில் உள்ள குழந்தைகள்: இருபத்துநாலு.

அறையில் உள்ள குழந்தைகள்: ஒன்பது.

பாக்கி: பதினைந்து.