மோட்டார் கொட்டகைக் கோட்டான்

என் கொழுந்தன் காத்தான் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் நடக்காத சாவையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவிடுகிற பிறவி அது.

என் வீட்டுக்காரர் இளையபெருமாள் நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீடு திரும்பியிருந்த நேரம். பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் சம்பா வயல். அதன் நடுவே மூங்கில் நட்டுக் குறுக்குக்கட்டை கட்டிவைத்தவர் அவரேதான். அந்தியில் கோட்டான் அதில் வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். மோட்டார் கொட்டகைப் பரணில் ஜோடியாக அடைந்து குஞ்சும் பொரித்திருந்தது. "சம்பளம் கேக்காத ஆளுங்கடி அதுங்க" என்று பீற்றிக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனுஷரைக் காத்தான் கெடுத்தான்.

"அண்ணி, கோட்டான் வீட்டப் பார்த்துக் கத்துது. அண்ணனுக்கு ஆகாது."

"கோட்டான் கத்தாம பாட்டா பாடும்? போங்க தம்பி, வேலையப் பாருங்க."

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "அடிச்சுடட்டும் அம்சவல்லி. எனக்கு உசுரு வேணும்."

"அப்புறம் எலிக்கு யாருங்க காவல்?"

"மருந்து வச்சுக்கலாம்."

தாய்க்கோட்டானையும் ஆணையும் காத்தான் தடியால் அடித்தான். குஞ்சுகளைச் சாக்கில் போட்டுக் கட்டி வாய்க்காலில் அமுக்கினான். சாக்கு அசைவது நிற்கும்வரை மிதித்த காலை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகத் தின்றார். மூங்கில் கட்டைகள் அடுப்புக்குப் போயின.

கதிர் பால் பிடிக்கும் சமயம் எலி இறங்கியது. தண்டை அடியோடு நறுக்கிப் போட்டது. வரப்பெல்லாம் வளை, வளை வழியே தண்ணீர் ஓட்டம். வைத்த மருந்தைப் பாழாய்ப்போன எலிகள் மோந்துகூடப் பார்க்கவில்லை. உயிருக்குப் பயந்த மனுஷர் பயிர் போகிறதே என்று தாங்கமாட்டாமல் தினமும் சேற்றில் இறங்கி வளை அடைத்தார். காலெல்லாம் பித்தவெடிப்பு. செருப்புப் போட்டுக்கொண்டா வயலில் இறங்க முடியும்?

காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. மறுபடியும் தஞ்சாவூர்.

"எலிக்காய்ச்சல்மா" என்றார் டாக்டரம்மா. "எலி மூத்திரம் கலந்த தண்ணியில நின்னிருக்காரு. கால் வெடிப்பு வழியா ஏறிடுச்சு. கிட்னி ரெண்டும் போச்சு."

"நெஞ்சு எப்படிங்க இருக்கு?"

"அது நல்லாத்தான் இருக்கு."

அந்த நல்ல நெஞ்சோடுதான் செத்தார்.

எரித்துவிட்டு வந்து காத்தான் கூடத்தில் உட்கார்ந்தான். உண்மையிலேயே அழுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கே சொன்னேனே அண்ணி. அது கத்துனது வீண் போகல பார்த்தீங்களா? இன்னும் கொஞ்சம் முந்தி அடிச்சிருந்தா அண்ணன் பொழைச்சிருக்கும்."

"அடப்பாவி, கோட்டான் இருந்திருந்தா இவ்வளவு எலி ஏது? எலி இல்லாட்டி காய்ச்சல் ஏது? கொன்னது நீதான்டா!" என்று கத்தினேன்.

"பாவம், புருஷன் போன துக்கத்துல உளறுறா" என்று யாரோ என் வாயைப் பொத்தினார்கள். காத்தான் சொன்னதற்குத்தான் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "தெருக்கோடி நெடுஞ்செழியன் வீட்டுப் பனையிலயும் ஒண்ணு கத்துதாம். அவங்க அம்மா வேற படுத்துக் கிடக்கு" என்றபடி, மூலையில் சாத்தியிருந்த தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.