பதில் சொல்லாத படகுகள்

இருபத்திரண்டு வருடமாக வானொலியில் பேசுகிறேன். குழந்தைகள் நாடகத்தில் நரிக்கும் பூதத்துக்கும் குரல் கொடுத்தவள் நான்தான். தொலைக்காட்சி வந்ததும் அதில் உட்கார்ந்து "அடுத்து வருவது" என்று பல்லைக் காட்டியவளும் நான்தான். ஆனால் ஐஸ்லாந்தில் என் குரலுக்காக ஆட்கள் காபிக் கோப்பையைக் கீழே வைப்பது படகுச் சீட்டு வாசிக்கும்போது மட்டும்தான்.

கடலுக்குப் போன படகு ஒவ்வொன்றும் குறித்த நேரத்தில் கரை நிலையத்தைக் கூப்பிட்டு, தான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாத படகுகளின் பெயர்கள் சீட்டில் எனக்கு வரும். "பின்வரும் படகுகள் உடனே கரை நிலையத்தைத் தொடர்புகொள்ளவும்." அவ்வளவுதான். சீட்டில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்க்கக் கூடாது. பதில் சொல்லிவிட்ட படகின் பெயரை எடுத்துவிடுவார்கள். இனி சொல்லாது என்று தெரிந்துவிட்டாலும் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் மறதிதான், மீன் அள்ளும் மும்முரத்தில் விட்டிருப்பார்கள், பெயரைக் கேட்டதும் அசடு வழியக் கூப்பிடுவார்கள்.

என் தம்பி ஓட்டர் மறப்பதில்லை. வேண்டுமென்றே விடுவான்.

"நாட்டுக்கே நரியா ஊளையிடுறே, எனக்குன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாதாக்கா? நீ 'ஹவ்தீஸ்'னு எங்க படகுப் பேரைச் சொன்னதும் பசங்க கைதட்டுறானுங்க தெரியுமா?" என்பான், கிறிஸ்துமஸுக்கு வந்து, புகை போட்ட ஆட்டுக்கறியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு.

"செருப்பு பிஞ்சிடும். ஒரு நாள் நிஜமாவே ஏதாவது ஆனா யாருடா நம்புவா?"

"நீ நம்புவே."

திட்டினேனே தவிர, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர் வந்தால் எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புதான். மற்ற பெயர்களைவிடக் கொஞ்சம் இழுத்துச் சொல்வேன். அவன் விளையாட்டுக்கு நானும் உடந்தை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மதியச் செய்தி முடிந்து சீட்டு வந்தது. மூன்று பெயர்கள். கடைசியில் ஹவ்தீஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தான்களோடு உட்கார்ந்திருந்த தோர்கெல், "உன் தம்பி ஆரம்பிச்சுட்டான்" என்றார். நான் இழுத்துத்தான் வாசித்தேன்.

நான்கு மணிச் சீட்டில் ஒரே பெயர். வாசித்துவிட்டுக் கரை நிலையத்துக்குத் தொலைபேசினேன்.

"அவரா? நீங்க இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் வாயைத் திறப்பாரு, ஸ்வாவா" என்று சிரித்தார் அங்கிருந்தவர்.

"காத்து எப்படி இருக்கு?"

"வடக்கே ஏறிட்டு வருது. தெறிக்கிற தண்ணி படகு மேலயே உறைஞ்சு பாரம் ஏத்துதாம்." சொல்லி முடிக்கும்போது அவர் சிரிக்கவில்லை.

ஏழு மணிக்கும் அதே பெயர். இழுக்காமல் வாசித்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை.

"ஓட்டர், விளையாட்டு போதும்டா. பதில் சொல்லு."

தோர்கெலின் கை என் குரலை வெட்டும் பொத்தானுக்குப் போனது, ஆனால் அழுத்தவில்லை.

தொலைபேசிகள் அலறத் தொடங்கின. ஒவ்வொன்றையும் நானே ஓடிப்போய் எடுத்தேன், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவன்தான் என்று. ஒரு பண்ணைக்காரி பேச முடியாமல் அழுதாள். ஒரு பள்ளி ஆசிரியர் சாப்பிட்டேனா என்று கேட்டார். தம்பியின் ஊரிலிருந்து ஒரு கிழவர், "பதினோரு படகு தேடக் கிளம்பிடுச்சும்மா" என்றார். நாடே எனக்குப் பதில் சொன்னது. நான் கேட்டவன் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் தோர்கெல் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேற யாரையாவது வாசிக்கச் சொல்லட்டுமா?"

"கொடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

பதினோரு பெயர்கள். அவனைத் தேடப் போனவர்கள், தேடுகிற மும்முரத்தில் தங்கள் நேரத்தை மறந்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக வாசித்தேன். பன்னிரண்டாவதாக ஹவ்தீஸ் இருக்கும் என்று தாளின் அடிவரை போய்ப் பார்த்தேன். வெறும் தாள்தான் இருந்தது. பதில் வந்து எடுத்திருந்தால் தோர்கெல் என் முகத்தைப் பார்த்திருப்பார்.

சீட்டில் இல்லாத சொல்லைச் சேர்க்கக் கூடாது. நான் சேர்க்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் பதினோரு படகுகளும் பதில் சொல்லிவிட்டன.