மூளையைக் காட்ட வந்த டாக்டர்

ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு பெண் சரஸ்வதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, என்னைத் தெரியுதுங்களா? கலாவதியோட அம்மா. சென்னம்மாள்."

தெரிந்தது. சேலத்தில் சரஸ்வதி வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இந்த மலையில் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வருபவள். மகளுக்குப் பத்தொன்பது வயது, எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். வலிப்பு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டதில் பதினாலு மாதமாக ஒரு தடவைகூட வரவில்லை.

"இன்னைக்கு எங்க எஸ்டேட்லதான் கூட்டம் போடறீங்களாமே. எங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, சாமி. ஆவணியில அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாரிசாமியும் அவங்க அம்மா ராசாத்தியும் எங்க லைன் ஊட்டு வரிசையிலதான் குடியிருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

"நோயாளியைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க," என்றாள் சரஸ்வதி. சென்னம்மாளின் விரல்கள் அப்புறமும் கொஞ்ச நேரம் விடவில்லை.

எஸ்டேட் அனுப்பிய ஜீப்பில் சரஸ்வதி தன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் நோயாளிகளைப் பார்ப்பாள், மதியம் மூளை அலைகள் பதிந்த காகிதச் சுருள்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வாள். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டரில் செய்த மாதிரி மூளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். பேய் பிடித்ததாகக் கட்டி வைத்து அடிக்கப்பட்டவர்கள், வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தவர்கள் என்று, காலம் கடந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத் தொடங்கிய வேலை அது.

இந்தத் தடவை பையில் மூளையோடு ஒரு மனுவும் இருந்தது. மணமக்களில் ஒருவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வலிப்பு இருந்தது என்று தெரிந்தால் அந்தக் கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்து செய்ய அன்றைய இந்துத் திருமணச் சட்டம் இடம் கொடுத்தது. 1987 அது. வலிப்பு என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லி அவளும் இன்னும் சில டாக்டர்களும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டாள். அதைச் சொன்னால் அந்தத் தாய் நடுங்கிப்போவாள்.

காப்பி காயவைக்கும் களத்தில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தங்கராஜ் பெஞ்சு போட்டிருந்தார். சரஸ்வதி பிளாஸ்டர் மூளையைப் பிரித்துக் காட்டினாள். "இதுக்குள்ள எந்நேரமும் சின்னச் சின்னதா மின்சாரம் ஓடிட்டே இருக்குதுங்க. அது ஒரு நிமிசம் தாறுமாறா ஓடினா, அதுதான் வலிப்பு. பேயும் இல்லை, முனியும் இல்லை. கையில சாவியைக் கொடுக்காதீங்க, வாய்ல எதையும் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போதும்."

கூட்டம் நன்றாகவே கேட்டது. ஆனால் கண் இரண்டாம் வரிசைப் பக்கம் போகாமல் இருக்க அவள் பாடுபட்டாள். அங்கேதான் சென்னம்மாளும் கலாவதியும் இருந்தார்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஒரு கேள்வி." எழுந்தவள் கழுத்து நிறையப் பாசிமணி போட்ட, நெடுநெடுவென்ற பெண். பக்கத்தில் இருந்த இளைஞன், "உக்காரும்மா" என்று சேலையைப் பிடித்து இழுத்தான். "இரு மாரிசாமி," என்றாள் அவள். "இந்த நோவை மறைச்சுப் பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டாங்கன்னா, அந்தக் கல்யாணம் செல்லுமுங்களா?"

சரஸ்வதி கையிலிருந்த பிளாஸ்டர் மூளையைப் பெஞ்சின் மேல் வைத்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். தெரியாது என்று சொல்லி, மறைத்தபடியே கல்யாணம் நடந்து, ஆவணிக்கு அப்புறம் இதே பெண்மணி கோர்ட்டுக்குப் போனால், கலாவதியின் கதி?

"சட்டப்படி ரத்து பண்ண வழி இருக்குதுங்க," என்றாள். "அந்தச் சட்டம் அநியாயம். மாத்தச் சொல்லித்தான் மனு எழுதியிருக்கோம். மருந்து சாப்பிட்டா இவங்களும் எல்லாரையும் போல வேலை செய்யலாம், புள்ளை பெத்துக்கலாம்."

சென்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது கலாவதி எழுந்தாள்.

"எனக்கு இருக்குதுங்க," என்றாள் ராசாத்தியைப் பார்த்து. "பதினாலு மாசமா வரலை. வராதுன்னும் சொல்ல முடியாது."

ராசாத்தி மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டம் கலைந்ததும் சென்னம்மாள் ஜீப் பக்கம் வந்தாள். "நீங்க எங்க பேரைச் சொல்லலைங்க. ஆனா அந்தச் சட்டத்தைச் சொல்லாம இருந்திருக்கலாமுங்க." அழக்கூட இல்லை. திரும்பி நடந்தாள்.

அடுத்த மாத வெள்ளிக்கிழமை கலாவதி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும், உயிரே போகலாம். சரஸ்வதி ரைட்டருக்குக் கடிதம் போட்டாள். பதில் இல்லை. எட்டு நாள் பொறுத்தாள். தூக்கம் போயிற்று. ஒன்பதாம் நாள் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள்.

கலாவதி லைன் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். "ஊரே பேசுதுன்னு அம்மா பஸ்ஸுக்கு விடலைங்க," என்றாள். "பாதிப் பாதியாச் சாப்பிட்டேன். நேத்தோட தீந்துருச்சு." சரஸ்வதி அங்கேயே அவளை ஒரு மாத்திரை விழுங்க வைத்தாள். மீதி மாத்திரைகளை அவள் கையில் கொடுத்தாள்.

சரஸ்வதி கிளம்பும்போது மாரிசாமி ஓடி வந்தான். "எங்க அம்மா ஒத்துக்கலைங்க. நாந்தான் கேக்கறேன். என் கண்ணு முன்னாடி அவளுக்கு அது வந்துச்சுன்னா நான் என்ன பண்ணணும்? எத்தனை நிமிசம் பார்க்கணும்?"

"அஞ்சு நிமிசம். அதுக்கு மேல போனா ஜீப்பைப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்." அவன் வாய்க்குள் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான்.

ஆவணியில் கல்யாணம் நடக்கவில்லை. தையில் நடந்தது. முகூர்த்தத்துக்கு ராசாத்தி வரவில்லை. பந்தி முடிகிற நேரத்துக்கு வந்தாள், யாரிடமும் பேசாமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு நேரே சரஸ்வதி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள்.

"அந்த மாத்திரை," என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயாங்க?"