வாயைத் திறந்தால் ஒரு சுற்று

மாஸ்டரின் பயிற்சிக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பளு தூக்கும் பிள்ளைகளில் எவராவது "வலிக்குது" என்று வாயைத் திறந்தால், கூடுதலாக ஒரு சுற்று தூக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று கை தட்டுவார்கள். அப்படித் தட்டித் தட்டியே எத்தனையோ வாய்கள் அடைத்துப்போயின. முதலில் அடைத்துப்போனது அவர் பெற்ற மகளின் வாய்தான். அவளுக்கு அங்கே 'கிரேன்' என்று பட்டப்பெயர். வளர்கிற பெண்ணுக்கு வைக்கிற பெயரா இது என்று அம்மாவுக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய? அந்த மனிதர் வீட்டிலும் மாஸ்டர்தானே!

கொஞ்ச நாளாக மகளின் வலது செருப்பு நடக்கும்போது தானாகக் கழன்று விழுந்தது. அதுகூடத் தெரியாமல் அவள் பாட்டுக்கு நடந்துபோனாள். அம்மா பின்னாலேயே போய்ப் பொறுக்கினாள். ஒரு நாள் செருப்பும் கையுமாக மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"அடுத்த வாரம் தேர்வுப் போட்டி. இப்பப் போயி செருப்பு கிருப்புன்னுட்டு!" என்று எரிந்து விழுந்தார் மாஸ்டர்.

"ஆஸ்பத்திரிக்கு வரலைன்னா போட்டி நடக்கிற எடத்துக்கே வந்து கத்துவேன்."

மானம் போய்விடுமே என்று கிளம்பினார்.

டாக்டரம்மா மகளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் எல்லாம் மாஸ்டரிடமிருந்து வந்தது.

"முன்னாடி முதுகுல அடி, வலி ஏதாவது?"

"கிடையாது."

"ஓய்வு குடுக்கிறீங்களா?"

"தாராளமா."

"எடையைத் திடீர்னு கூட்டினீங்களா?"

"சேச்சே, படிப்படியாத்தான்."

"குடும்பத்துல யாருக்காவது முதுகுத் தொந்தரவு?"

"ஒருத்தருக்கும் இல்ல" என்றபடி, இடுப்பு பெல்ட் தெரியாமல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். குனிய முடியாத அந்த ஆளுக்குத் தினமும் ஷூ கயிறு கட்டிவிடுகிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பொய்" என்றாள் அம்மா. "நாலும் பொய். போன வருஷமே முதுகு வலியில படுத்த படுக்கையா கெடந்தா, டாக்டர். எழுந்ததும் மறுபடியும் தூக்க விட்டாரு. ஒரு நாள் லீவு கிடையாது."

"நீ சும்மா இரு. அவளையே கேளுங்க. வலிக்குதாம்மா?"

"இல்லப்பா" என்றாள் மகள், பழக்கத்தில்.

டாக்டரம்மா அவளைப் படுக்கச் சொன்னார். "கண்ணை மூடிக்கோ. காலுல ஊசியால குத்துவேன். குத்தினதும் சொல்லணும்."

வலது கால் கட்டைவிரலில் குத்தினார். பாதத்தின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அம்மாவுக்குத்தான் உடம்பு கூசியது. மகள் பேசாமல் படுத்திருந்தாள்.

"பாத்தியா?" அம்மா பக்கம் திரும்பிய மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "எம் பொண்ணு அசைவாளா?"

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

மூடிய கண்ணோடு மகள் கேட்டாள். "இன்னும் குத்தலையா டாக்டர்?"

மாஸ்டர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் பொட்டாக ரத்தம் கசிந்திருந்தது. குத்தியாகிவிட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.