ஏழு கல்லூரிகளுக்கு ஏழு போன்

ஒரு சீட் கைக்கு வந்தாலும் மற்ற இடங்களிலும் துண்டு போட்டு வைப்பது எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி அமெரிக்காவில் இந்த பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

எங்கள் மகள் வெண்பா 1998 நவம்பரில் ஒரே ஒரு கல்லூரிக்கு எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தாள். பாதி இடம் அந்தச் சுற்றிலேயே நிரம்பிவிடுமாம். ஜனவரிச் சுற்றில் போனால் மிச்சத்துக்குப் பத்தாயிரம் பேரோடு முட்டிமோத வேண்டுமாம். ஆனால் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், வேறெங்கும் முயற்சி செய்யக்கூடாது. அப்பாவும் மகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். டிசம்பரில் கிடைத்தும்விட்டது. நான் கேசரி கிண்டினேன். இவர் மட்டும் பார்க்கலாம் என்றார். சந்தோஷப்படக்கூட இந்த மனுஷனுக்கு வராது.

கிடைக்காவிட்டால் அனுப்பலாம் என்று ஏழு கல்லூரிகளுக்கு உறைகளை ஒட்டித் தயாராக வைத்திருந்தாள் வெண்பா. அவற்றைக் கிழித்துப்போடச் சொன்னாள். இவரோ, எதற்கும் இருக்கட்டும் என்று ஏழையும் தபாலில் சேர்த்துவிட்டார். விண்ணப்பம் வந்து சேர்ந்ததென்று ஜனவரியில் ஒரு கார்டு வரவும் குட்டு வெளிப்பட்டது.

வெண்பா அழுதுகொண்டே பள்ளி ஆலோசகரிடம் ஓடினாள். விஷயம் தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும், வெள்ளிக்கிழமைக்குள் ஏழையும் வாபஸ் வாங்குங்கள் என்றார் அவர். போகாத கல்லூரியின் வரிசையில் நின்று இன்னொரு பிள்ளையின் வழியை ஏன் மறிக்கிறீர்கள் என்றும் கேட்டாராம். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஏனுங்க, அனுப்புனது நீங்க. நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன்.

வெண்பா எழுதிக் கொடுத்த கடிதங்களை ஃபேக்ஸ் செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை லீவு போட்டுச் சமையலறை போன் முன்னால் உட்கார்ந்தார். முதல் கல்லூரியில் காரணம் கேட்டார்கள். மகளுக்கு வேறிடத்தில் எர்லியிலேயே கிடைத்துவிட்டது என்று முனகினார். அந்தப் பக்கம் வாழ்த்துச் சொன்னார்கள் போலிருக்கிறது, நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது போனில், அவர்கள் கேட்காமலே மகளுக்குக் கிடைத்த கல்லூரியின் பெயரைச் சொன்னார். ஐந்தாவதில், வெண்பா என்பது தமிழில் ஒரு பாவகை என்று யாருக்கோ விளக்கம். ஆறாவதில் எழுந்து, வயர் எட்டுமட்டும் நடந்துகொண்டே சிரித்தார். மூன்று நாளாக அவரிடம் பேசாதிருந்த மகள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழும் முடிந்தது. இடம் பத்திரம். எனக்கு உயிர் வந்தது. இவர் மட்டும் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

"கண்ணு, இன்னும் ஏதாச்சும் காலேஜ் மிச்சம் இருக்குதா?"