மாடு சம்பந்தப்படாத சோப்பு

பத்து வருஷமாகத் தேய்த்துக் குளித்த வீட்டுச் சோப்பில் மாட்டுக் கொழுப்பு இருப்பது தெரிந்த அன்றே, சோப்புக்காரரின் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மாடு, ஆடு, தேனீ எதுவும் சம்பந்தப்படாத சோப்போடு வந்து கூப்பிட்டால்தான் திரும்புவாளாம்.

வெறிச்சோடிய வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆலிவ் எண்ணெயில் காய்ச்சினார், இறுகவே இல்லை. அதில் உட்கார்ந்த ஈ இன்றுவரை வழுக்கிக்கொண்டிருக்கிறது. ஆமணக்கெண்ணெய் சேர்த்தார், நுரை தெருமுனைவரை போய்த் தபால்காரரைத் திருப்பி அனுப்பியது. நாற்பதாம் நாள் தேங்காயெண்ணெய் கைகொடுத்தது. கட்டியை ஏந்திக்கொண்டு ஓடினார்.

மனைவி வாசலிலேயே வாங்கி முகர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அச்சுல ஒட்டாம எப்படிங்க இவ்ளோ வழவழன்னு வந்துச்சு?”

“அதுவா? அச்சு முழுக்க வெண்ணெய் தடவிட்டேன்ல!”

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தபோதுதான் வெண்ணெய்க்கும் மாட்டுக்கும் உள்ள உறவு அவருக்கு உறைத்தது.